இறங்கத் தெரிய வேண்டும்

(கள்ளக்குறிச்சியில் ஒரு மாலைக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

நம் ஊரில் விடியற்காலை ஐந்து மணிக்கு ஏதாவது ஒரு பள்ளி மைதானத்துக்குப் போய்ப் பாருங்கள். மூன்று விதமான ஆட்கள் இருப்பார்கள். பெரிய கூட்டம், காவலர் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகள். ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடியாக வேண்டும். பெண்கள் 400 மீட்டரை இரண்டரை நிமிடத்துக்குள். அடுத்தது, டாக்டர் சொல்லி நடக்க வந்தவர்கள். சர்க்கரை, பி.பி., கொழுப்பு என்று ஆளுக்கொரு காரணம். மூன்றாவது கூட்டம் சின்னது. முப்பத்தைந்து, நாற்பது வயதில், யாரும் கட்டாயப்படுத்தாமல், மாரத்தான் ஓட வேண்டும் என்று ஆசைப்பட்டு வந்தவர்கள். ரைஸ் மில் கணக்கர், ஆசிரியை, மருந்துக்கடைக்காரர், கூட்டுறவு வங்கி ஊழியர். இவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

முதலில் ஒரு கணக்கு. 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடுகிறவர், ஒரு கிலோமீட்டருக்கு 4 நிமிடம் 40 வினாடி எடுத்துக்கொள்கிறார். அதே வேகத்தைக் கடைசிவரை பிடித்தால் மாரத்தானை 3 மணி 17 நிமிடத்தில் முடித்துவிடலாம். அமெச்சூர் ஓட்டக்காரர்களில் பெரும்பாலோர் ஆயுள் முழுக்க ஓடினாலும் எட்டாத நேரம் அது. இந்தக் கணக்கைச் சொன்னால் பிள்ளைகளுக்குக் கண் விரியும். “அப்ப நாங்க இப்பவே மாரத்தான் வேகத்துலதான் ஓடுறோமா மாஸ்டர்?” ஓடுகிறாய் தம்பி, ஒன்றரை கிலோமீட்டருக்கு. பாக்கி நாற்பதும் சொச்சமும் இருக்கிறது.

மொத்த தூரம் 42.195 கிலோமீட்டர். அந்த 195 மீட்டர் 1908 லண்டன் ஒலிம்பிக்கில் வந்து ஒட்டிக்கொண்டது. 1921-ல் சர்வதேச தடகள சங்கம் அதையே நிரந்தரமாக்கியது. 

நான் சொல்ல வந்தது இதுதான். மாரத்தானுக்குத் தயாராகும் சாதாரண ஆளைக் கஷ்டமான விஷயங்கள் கெடுப்பதில்லை. கஷ்டம் என்று தெரிந்தால் மனுஷன் தானாகவே ஜாக்கிரதையாகிவிடுகிறான். சுலபமாகத் தெரிகிற இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறான். முதல் ஐந்து கிலோமீட்டர், மலை இறக்கம், தாராளமாகக் கிடைக்கும் தண்ணீர், ஆளில்லாத சாலை. பயிற்றுநர் காவல் நிற்க வேண்டிய இடங்கள் இவை.

ஆர்தர் லிடியார்ட் என்று ஒருவர் நியூசிலாந்தில் இருந்தார். ஷூ தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். தன் உடம்பையே சோதனைக்கூடமாக வைத்துக்கொண்டு, எவ்வளவு ஓடினால் என்ன ஆகும் என்று வருஷக்கணக்கில் ஓடிப் பார்த்தவர். அவரிடம் பயின்ற அக்கம்பக்கத்துப் பையன்கள் 1960 ரோம் ஒலிம்பிக்கில் 800 மீட்டரிலும் 5000 மீட்டரிலும் தங்கமும், மாரத்தானில் வெண்கலமும் வாங்கினார்கள். 800 மீட்டர் ஓடுகிறவரைக்கூட அவர் ஞாயிற்றுக்கிழமை தோறும் ஆக்லாந்து மலைப்பாதையில் முப்பத்தைந்து கிலோமீட்டர் நிதானமாக ஓட விட்டார். உலகமே சிரித்தது. பிறகு உலகமே அதைக் காப்பியடித்தது.

எனக்கு அந்தப் பதக்கங்களைவிட அவர் அடுத்துச் செய்த காரியம்தான் முக்கியம். மாரடைப்பு வந்து பிழைத்தவர்களையும் தொப்பை போட்டவர்களையும் கூட்டி, பேசிக்கொண்டே ஓடும் ஒரு குழுவை ஆக்லாந்தில் ஆரம்பித்து வைத்தார். மாரடைப்புக்காரரைக் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்த காலம். 1962-ல் அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத் தடகளப் பயிற்றுநர் பில் பவர்மன் அங்கே விருந்தாளியாகப் போனார். வாருங்கள் ஓடலாம் என்று கூப்பிட்டார்கள். ஐம்பதைத் தாண்டியிருந்த பவர்மனுக்கு மூச்சு வாங்கியது. எழுபது கடந்த, நெஞ்சுவலி கண்ட ஒரு பெரியவர் அவருக்காகத் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு கூடவே பேசியபடி ஓடினார். ஊர் திரும்பிய பவர்மன் ஒரு இதய மருத்துவரோடு சேர்ந்து ஜாகிங் பற்றிப் புத்தகம் எழுதினார், லட்சக்கணக்கில் விற்றது. நைக்கி நிறுவனத்தைத் தொடங்கிய இருவரில் அவர் ஒருவர். இன்று நாம் கடையில் ஐயாயிரம், பத்தாயிரம் கொடுத்து வாங்கும் ஷூவுக்கும் அந்தப் பெரியவரின் நிதானத்துக்கும் தொடர்பு உண்டு.

ஆக, பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம்தான் அடிப்படை. வாரத்து ஓட்டத்தில் ஐந்தில் நான்கு பங்கு அப்படித்தான் இருக்க வேண்டும். இதைச் சொல்லிப் புரியவைப்பதைவிட ஒருவரை வேகமாக ஓடவைப்பது சுலபம். வாட்ச் ஒன்று, ஓட்டத்தைப் பதிந்து ஊருக்குக் காட்டும் ஸ்ட்ராவா செயலி ஒன்று, பக்கத்துத் தெருக்காரர் நேற்று என்ன வேகம் போட்டார் என்ற விசாரணை ஒன்று. இந்த மூன்றும் சேர்ந்தால் எந்தப் பயிற்றுநரும் தோற்றுப்போவார். உடம்புக்குள் நடப்பதைக் கொஞ்சம் சொல்கிறேன். புதிதாக ஓட வருகிறவருக்கு ஆறு, எட்டு வாரத்தில் மூச்சு பழகிவிடும். தசையும் பழகும். ஆனால் குதிகாலுக்கு மேலே கயிறு மாதிரி ஓடுகிறதே அந்தத் தசைநாணும், முன்னங்கால் எலும்பும் உறுதிப்பட மாதக்கணக்கில் ஆகும். அதாவது, நெஞ்சு “போ” என்று சொல்லும்போது கால் இன்னும் தயாராகியிருக்காது. இரண்டாவது, மூன்றாவது மாதத்தில் பலர் காணாமல் போவது இதனால்தான். சோம்பேறித்தனத்தால் நின்றவர்களைவிட, உற்சாகம் தாங்காமல் காலைக் கெடுத்துக்கொண்டு நின்றவர்கள்தான் எப்போதும் அதிகம்.

இப்போது மலைக்கு வருவோம்.

வெளியூர் ஓட்டக்காரர்கள் என்னிடம் பொறாமையோடு கேட்பார்கள்: “உங்களுக்கென்ன சார், கல்வராயன் மலை பக்கத்துல இருக்கு, காத்து லேசு, ரத்தம் ஊறும்.” அந்தக் கணக்கு தப்பு. ரத்தத்தில் சிவப்பணு கூடும் அளவுக்குக் காற்று மெலிய வேண்டுமானால் சுமார் 2000 மீட்டருக்கு மேலே போய் வாரக்கணக்கில் தங்க வேண்டும். கென்யாவின் இட்டென் 2400 மீட்டர். நம் உதகை 2200 மீட்டருக்கு மேல். கல்வராயனில் ஊர்கள் இருப்பதோ பெரும்பாலும் இரண்டாயிரம், மூன்றாயிரம் அடியில். மீட்டரில் சொன்னால் அறுநூறு முதல் தொள்ளாயிரம். காற்று அங்கே அப்படி ஒன்றும் மெலியவில்லை. நமக்குக் கிடைப்பது வேறு இரண்டு. ஒன்று குளிர்ச்சி: ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரிக்குமேல் வெப்பம் இறங்கும், ஆகவே கல்வராயன் மேலே இருக்கிற வெள்ளிமலைப் பக்கம் நம் ஊரைவிட நான்கைந்து டிகிரி குறைவாகவே இருக்கும். சித்திரையில் இது பெரிய வரம். இன்னொன்று சரிவு.

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை ஒட்டிப் போனால் மலைச்சாலை ஆரம்பிக்கிறது. ஏறும்போது யாருக்கும் ஒன்றும் ஆகாது. மூச்சு வாங்கும், நடப்பார்கள், நிற்பார்கள், மறுபடி ஓடுவார்கள். வேகமாக ஏறவே முடியாது என்பதால் மலையே ஆளைக் கட்டுப்படுத்தி வைக்கும். அந்த நேரத்தில் நான் ஒரு வேலையும் செய்வதில்லை. இறங்கும்போதுதான் என் வேலை.

ஒரு ரைஸ் மில் கணக்கரைச் சொல்கிறேன். நல்ல ஓட்டக்காரர். முதல் தடவை மலைக்கு வந்தபோது ஏற்றத்தில் எல்லோருக்கும் பின்னால் வந்தவர், திரும்பும்போது முன்னால் போய்விட்டார். எனக்கு ஆள் தெரியவில்லை. சத்தம் மட்டும் கேட்டது. வளைவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ‘தடார் தடார்’ என்று பாதம் தார்ச்சாலையில் அறைகிற சத்தம். குதிகாலை முன்னால் நீட்டி ஊன்றி, ஒவ்வொரு அடியிலும் பிரேக் போட்டுக்கொண்டு இறங்கினால் அப்படித்தான் கேட்கும். கீழே வந்தபோது சிரித்துக்கொண்டிருந்தார். “மூச்சே வாங்கலை மாஸ்டர், சும்மா பறந்துட்டேன்.” மறுநாள் மில்லில் மாடிப்படியைக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக இறங்கினாராம்.

நடந்தது என்னவென்றால், ஏறும்போது தொடைத்தசை சுருங்கி உடம்பைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே உடம்பைத் தாங்க வேண்டியிருக்கிறது. நீளும்போது பாரம் தாங்கினால் தசை இழைகளில் நுண்ணிய கிழிசல்கள் விழும். மூச்சு வாங்காததால் ஆளுக்கு அது தெரியாது. வலி உடனே வராது. ஒரு நாள், இரண்டு நாள் கழித்துத்தான் உச்சத்துக்கு வரும். ஆனால் இதே விஷயத்தில் ஒரு நல்லதும் உண்டு. ஒரு தடவை அளவாக இறங்கி வலி கண்ட தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையை வலியில்லாமல் செய்யும். அதற்காகவே மலைக்குக் கூட்டிப் போகிறேன். மாரத்தான் ஓடப் போகிற சென்னை கடற்கரைச் சாலையில் மலை கிடையாதுதான். ஆனால் முப்பது கிலோமீட்டருக்கு அப்புறம் சமதரையிலும் தொடைத்தசை இதே மாதிரித்தான் அடி வாங்குகிறது. மலையில் பழகிய தொடை அதைத் தாங்கும்.

இறங்குவதைச் சொல்லிக்கொடுக்க மூன்று நான்கு வார்த்தை போதும். எட்டைச் சின்னதாக்கு. முழங்காலைக் கொஞ்சம் மடக்கியே வை. பாதம் உடம்புக்கு நேர் கீழே விழட்டும், முன்னால் நீட்டாதே. கண் பத்தடி தள்ளிப் பார்க்கட்டும். கொண்டை ஊசி வளைவில் உள்பக்கம்தான் சரிவு செங்குத்து. தூரம் மிச்சம் என்று அங்கே பாயாதே, பஸ்ஸும் அங்கேதான் ஒடிக்கும். சரியாக இறங்குகிறார்களா என்று நான் பார்ப்பதில்லை, கேட்பேன். சத்தம் இல்லாமல் இறங்கினால் சரி. முதல் மூன்று மாதம் மலையே வேண்டாம். ஜீப்பில் ஏறி ஓடி இறங்குகிற விளையாட்டு எப்போதுமே வேண்டாம்.

அடுத்து முப்பதாவது கிலோமீட்டர். அறுபது கிலோ எடையுள்ளவர் மாரத்தான் ஓட ஏறக்குறைய 2500 கலோரி வேண்டும். தசையிலும் ஈரலிலும் மாவுச்சத்தாகச் சேமித்து வைத்திருப்பது சுமார் 2000. மிச்சத்துக்குக் கொழுப்பு எரிய வேண்டும், அல்லது வழியில் சாப்பிட வேண்டும். வேகம் கூடக்கூட உடம்பு மாவுச்சத்தையே தேடும். ஆரம்பத்தில் கூட்டத்தோடு கூட்டமாகப் பாய்ந்தவர் முப்பதில் அப்படியே உட்கார்ந்துவிடுவது இதனால்தான். வழியில் சாப்பிடக் கடையில் விற்கிற சர்க்கரை ஜெல்தான் வேண்டும் என்றில்லை. பேரீச்சம்பழம், வாழைப்பழம், கடலைமிட்டாய், எது ஒத்துக்கொள்கிறதோ அது. என்ன சாப்பிடப் போகிறோமோ அதைப் பயிற்சியில் சாப்பிட்டுப் பழகியிருக்க வேண்டும். பந்தயத்துக்கு முந்தின இரவு பிரியாணி ஆராய்ச்சியெல்லாம் கூடாது.

தண்ணீர் விஷயத்தில் நம் ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது: எவ்வளவு குடித்தாலும் நல்லது. 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தார்கள். நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்கு ரத்தத்தில் சோடியம் அளவுக்குக் கீழே போயிருந்தது. ஓடும்போது எடை கூடும் அளவுக்குக் குடித்தவர்களே அதில் அதிகம் மாட்டினார்கள். அதே பந்தயத்தில் ஒரு பெண் இதனால் இறந்தும் போனார். மெதுவாக ஓடுகிறவர்களுக்குத்தான் இந்த ஆபத்து கூடுதல். வழியில் ஒவ்வொரு மேஜையிலும் நின்று குடிக்க அவர்களுக்கு நேரம் இருக்கிறது. ஓடும் முன்னும் பின்னும் எடை பார்த்தால் தனக்கு எவ்வளவு வேர்க்கிறது என்று தெரிந்துவிடும். தாகத்துக்குக் குடியுங்கள், எலுமிச்சை, உப்பு சேர்த்துக்கொள்ளுங்கள்.

நமக்குப் பக்கத்தில் இருக்கிற ஓட்டங்கள் சென்னையும் ஆரோவில்லும். சென்னையில் 2006-ல் ஆரம்பித்த சென்னை ரன்னர்ஸ் அமைப்பு, பேட்டைக்குப் பேட்டை குழு வைத்து, ஓடிப் பழகியவர்களே புதியவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் வழக்கத்தை உண்டாக்கியது. நாம் இங்கே செய்வது அதன் சின்னப் பதிப்பு. அவர்கள் மாரத்தான் ஜனவரியில். ஆரோவில் ஓட்டம் 2008-லிருந்து நடக்கிறது, பிப்ரவரியில், செம்மண் காட்டுப்பாதையில். பரிசு கிடையாது, முதலிடம் இரண்டாமிடம் கிடையாது. முதல் மாரத்தானுக்கு நான் எல்லோரையும் அங்கேதான் போகச் சொல்வேன். செலவும் குறைவு, விழுப்புரம் தாண்டினால் ஊர் வந்துவிடும்.

ஜனவரி, பிப்ரவரியில் ஓட வேண்டுமானால் நீண்ட ஓட்டங்கள் கார்த்திகை, மார்கழியில் வந்து விழும். வடகிழக்குப் பருவமழை ஒரு பக்கம். மழை பரவாயில்லை, நனையலாம். இன்னொரு பக்கம் கரும்பு அரவை. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் இருக்கிற கூட்டுறவு ஆலைகளுக்குப் போகிற டிராக்டர்கள் இரவெல்லாம் ஓடும். பின்னால் சிவப்பு விளக்கு இருக்காது. டிரெய்லருக்கு வெளியே இரண்டு பக்கமும் கரும்பு நீட்டிக்கொண்டிருக்கும். ஓட்டுநருக்கும் தூக்கம், ஓடுகிறவர் காதில் பாட்டு. விடிகாலைச் சாலை காலியாக இருக்கிறதே என்று நடுவில் ஓடக் கூடாது. எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி சாலையின் வலப்பக்கம் ஓடுங்கள். ஒளி திருப்பும் பட்டை இல்லாத சட்டையோடு வந்தால் நான் திருப்பி அனுப்பிவிடுவேன். பலருக்கு என்மேல் வருத்தம் உண்டு, இருக்கட்டும். ஏன் இவ்வளவு கறார் என்றால், ஃபௌஜா சிங்கை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2000-ல், 89 வயதில், லண்டனில் முதல் மாரத்தான். 2011-ல், நூறு வயதில், டொராண்டோவை எட்டு மணி நேரத்துக்குச் சற்று மேலே ஓடி முடித்தார். அவரை உருவாக்கியவர் ஹர்மந்தர் சிங் என்ற லண்டன் பயிற்றுநர். அந்த மனிதரை ஓட்டம் ஒன்றும் செய்யவில்லை. 2025 ஜூலையில் பஞ்சாபில் சொந்த ஊர்ச் சாலையைக் கடக்கும்போது வண்டி மோதி இறந்தார்.

பெண்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒலிம்பிக்கிலேயே பெண்களுக்கு மாரத்தான் வைத்தது 1984-ல்தான்; அதுவரை அவர்கள் உடம்பு தாங்காது என்று ஆண்கள் முடிவுசெய்து வைத்திருந்தார்கள். நம் ஊரில் தடை வேறு மாதிரி. நாய், இருட்டு, டீக்கடைப் பார்வை, அதற்கெல்லாம் மேலே ஆறு மணிக்கு அடுப்பு. ஐந்து பேராகச் சேர்ந்து வந்தால் முதல் மூன்றும் தீரும். நாலாவது வீட்டு ஆண்கள் கையில் இருக்கிறது. வருகிற பெண்களிடம் நான் முதலில் கேட்பது ஹீமோகுளோபின் எவ்வளவு என்றுதான். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள் என்பது தேசிய குடும்பநல ஆய்வின் கணக்கு. “எனக்கு ஸ்டாமினாவே இல்லண்ணா” என்று தன்னையே திட்டிக்கொள்கிற பெண்ணுக்குப் பல நேரம் தேவைப்படுவது இரும்புச்சத்து மாத்திரை. நாற்பதைத் தாண்டிய ஆண்களும் சர்க்கரை உள்ளவர்களும் இதய மருத்துவரைப் பார்த்துவிட்டுத்தான் வர வேண்டும். இதில் எனக்குச் சமாதானம் கிடையாது.

பிள்ளைகளைக் கூட்டி வருகிற அப்பாக்களிடம் ஒரு வார்த்தை. 2006 மே மாதம் ஒடிசாவில் புதியா சிங் என்ற நாலு வயதுப் பையன் புரியிலிருந்து புவனேஸ்வர் பக்கம் 65 கிலோமீட்டர் ஓடினான். நாடே கைதட்டியது. அரசு பிறகு தடை போட்டது. அவன் பெரியவனாகி மாரத்தான் சாம்பியன் ஆகவில்லை. நாலு வயதில் ஓட முடிந்தது என்பதே ஓடவிடுவதற்குக் காரணம் ஆகிவிடாது. முழு மாரத்தானுக்குப் பதினெட்டு வயது ஆகட்டும். அதற்கு முன்னால் பையன் கபடி ஆடட்டும், மரம் ஏறட்டும், ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓடட்டும்.

மலைப் பிள்ளைகள் விஷயமும் இதையொட்டியதுதான். “மலையாளிப் பழங்குடிப் பசங்க பொறக்கும்போதே ஓட்டக்காரங்க, சும்மா கூட்டிட்டு வந்தாலே மெடல்” என்று பேசுகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். பாராட்டுகிற மாதிரி இருக்கிறது. உண்மையில் அவர்களுக்குப் பயிற்சியே தேவையில்லை என்று கைகழுவுகிற பேச்சு. மரவள்ளி மூட்டை தூக்கி, கடுக்காய் பொறுக்கி மேடுபள்ளம் நடந்த கால் பலமானதுதான். ஆனால் புதுக்கோட்டைக் கிராமத்திலிருந்து வந்த லட்சுமணன் 2017-ல் புவனேஸ்வர் ஆசியத் தடகளப் போட்டியில் 5000, 10000 இரண்டிலும் தங்கம் வாங்கியது பிறவிக் காலால் மட்டும் இல்லை. வருஷக்கணக்கில் நேரத்துக்குச் சாப்பாடும், கூடவே நிற்கிற பயிற்றுநரும் வேண்டும். மலையில் இருக்கிற உண்டு உறைவிடப் பள்ளிகளில் ஒரு முட்டை கூடுதலாகவும், ஒரு முழுநேர உடற்கல்வி ஆசிரியரும் கொடுத்துவிட்டு அப்புறம் பிறவித் திறமையைப் பற்றிப் பேசலாம்.

கடைசியாக, கடைசி மூன்று வாரம். மிக நீண்ட ஓட்டம் பந்தயத்துக்கு மூன்று வாரம் முன்னால் முடிந்துவிட வேண்டும். பிறகு தூரத்தைப் படிப்படியாகப் பாதிக்கும் கீழே இறக்க வேண்டும். கடைசிப் பத்து நாளில் ஓடுகிற ஓட்டம் பந்தயத்தில் பலமாக வந்து சேராது, களைப்பாகத்தான் வரும். இதை எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள். ஆனால் ஓய்வெடுத்த கால் துடிக்க ஆரம்பிக்கும். பயிற்சி போதவில்லையோ என்று இரவில் தூக்கம் வராது. பிறகு எனக்குப் போன் வரும்: “மாஸ்டர், கால் சும்மா ஜம்முனு இருக்கு. ஞாயித்துக்கிழமை ஒரே ஒரு தடவை மலைக்குப் போயிட்டு வந்துடட்டுமா?” போன வருஷம் அந்த ரைஸ் மில் கணக்கர்தான் கேட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்து இரண்டு தடவை காபி குடித்துவிட்டு வந்தேன். இனிமேல் கேள்விகள் கேட்கலாம்.